கறியும் இல்லை, உதவியும் இல்லை: ‘கர்ரி ஃபேவர்’ என்னும் ஆங்கில வினைத்தொடர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கப் பழகுகிறவர்களோடு பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் ‘கர்ரி ஃபேவர்’ என்ற தொடரில் வந்து தடுக்கி விழுவார். கேள்விகளும் ஏறத்தாழ அதே கேள்விகளாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வாசிப்பு வசதிக்காக வினைச்சொல்லை ‘கர்ரி’ என்றும் உணவைக் ‘கறி’ என்றும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்தும் ஒன்று, ஒலிப்பும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும். குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

‘கர்ரி ஃபேவர்’ என்றால் சுருக்கமாக என்ன பொருள்?

அதிகாரமோ செல்வாக்கோ உள்ள ஒருவரின் தயவைப் பெறுவதற்காக, அவருடைய மனம் மகிழும்படி பேசியும் நடந்தும் காட்டுவது என்று பொருள். புகழ்வது, பரிசளிப்பது, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது, கேட்காமலே வேலை செய்து கொடுப்பது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். செய்கிறவருக்கு உள்ளூர ஓர் ஆதாயக் கணக்கு இருக்கிறது என்பதே இத்தொடரின் உயிர்நாடி.

வாக்கியத்தில் இதை எப்படி அமைப்பது?

யாருடைய தயவை நாடுகிறோமோ அவர் பெயருக்கு முன் ‘வித்’ என்ற முன்னிடைச்சொல் வரும். அமைச்சரைக் காக்காய் பிடிப்பதானால் ‘கர்ரி ஃபேவர் வித் தி மினிஸ்டர்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘அமைச்சரிடம் தயவு தேடுகிறார்’ என்று சொல்லிப் பழகியதால் பலர் ‘ஃப்ரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வழக்கில் இல்லை. இறந்த காலம் ‘கர்ரீட்’, தொடர்வினை ‘கர்ரியிங்’. ‘ஃபேவர்’ இங்கே எப்போதும் ஒருமையில்தான் நிற்கும், அதற்கு முன் ‘எ’, ‘தி’ போன்ற சுட்டுச்சொற்களும் வருவதில்லை. தயவு என்பதை எண்ண முடியாத பொருளாக ஆங்கிலம் கருதுவதே காரணம்.

‘ஃபேவர்’ என்பதற்குப் பதிலாக ‘ஆதரவு’, ‘வாக்கு’ போன்ற பொருளுடைய சொற்களைப் போட்டும் செய்தித்தாள்கள் சில நேரங்களில் எழுதுகின்றன. பொருள் விளங்கும் என்றாலும், பழகுகிற நிலையில் இருப்பவர்கள் மூலத்தொடரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதை நல்ல பொருளில் பயன்படுத்தவே முடியாதா?

முடியாது என்றே சொல்வேன். ஒரு முறை என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வேலை விண்ணப்பத்தில் தம் விற்பனைத் திறமையை விளக்கும்போது, வாடிக்கையாளர்களுடன் ‘கர்ரி ஃபேவர்’ செய்வதில் தமக்கு நான்காண்டு அனுபவம் உண்டு என்று எழுதியிருந்தார். வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தைப் பெறுவதில் தேர்ந்தவர் என்று அவர் சொல்ல விரும்பினார். படிப்பவருக்கோ, நான்காண்டுகளாகக் கூழைக் கும்பிடு போட்டு வந்தவர் என்ற செய்திதான் போயிருக்கும். நல்லவேளையாக, அனுப்புவதற்கு முன் அதைப் பார்க்க நேர்ந்தது.

தன்மையில் இத்தொடர் வருவது மிக அரிது என்பதையும் கவனியுங்கள். ‘அவர் அப்படிச் செய்கிறார்’ என்று பிறரைக் குறைகூறவும், ‘நான் அதற்காகச் செய்யவில்லை’ என்று தன்னைக் காத்துக்கொள்ளவுமே இது பயன்படுகிறது.

இதில் வரும் கர்ரி நம்முடைய கறிதானே? விருந்து போட்டுக் காரியம் சாதிப்பது என்ற கருத்தில் வந்ததா?

இந்தத் தொகுப்பையே எழுத வைத்த கேள்வி இது. இல்லை, இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. உணவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நம் ‘கறி’யிலிருந்து போனது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழில் அது காய்கறியையும் இறைச்சியையும் குறிப்பதோடு, பழங்காலத்தில் மிளகையும் குறித்தது. யவனர் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்லும்போது, அங்கே கறி என்பது மிளகுதான். மேற்குக் கரையில் வணிகம் செய்த போர்ச்சுகீசியர் வாயில் இச்சொல் ‘கரில்’ என்று ஆயிற்று. நெதர்லாந்துக்காரரான லின்ஸ்கோட்டனின் பயணநூல் 1598இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடும் குழம்பின் பெயராக அது ஆங்கில வாசகர் கண்ணில் பட்டது. ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறிக்குச் செய்முறையே வந்துவிட்டது.

நம் வினைத்தொடரின் பழைய வடிவமோ ஏறத்தாழ 1400ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498இல். கறி கப்பலேறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர்கள் ஒருவரை ஒருவர் ‘கர்ரி’ செய்துகொண்டிருந்தார்கள் என்றால், அந்தக் கர்ரி வேறு எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா?

அப்படியானால் அந்தக் ‘கர்ரி’ எங்கிருந்து வந்தது?

பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொரெயெர்’ என்று ஒரு வினை உண்டு. ஒழுங்குபடுத்துதல், பயன்பாட்டுக்கு ஏற்றதாக ஆக்குதல் என்பவை அதன் பொருள்கள். அதன் உள்ளே இருப்பது ஒரு ஜெர்மானிய வேர்; நாம் நாள்தோறும் பத்து முறை சொல்லும் ‘ரெடி’ என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரின் கிளைதான். எனவே ‘கர்ரி’ செய்வது என்றால், சொல்லளவில், ஒன்றை ‘ரெடி’ செய்வது என்றுதான் பொருள்.

ஆங்கிலத்துக்கு வந்த பிறகு அது இரண்டு தொழில்களில் ஊன்றி நின்றது. ஒன்று தோல் தொழில். பதனிட்டு முடித்த தோல் விறைப்பாக இருக்கும். அதை நனைத்து, ஒரே கனமாக இருக்கும்படி சீவி, மீன் எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் தேய்த்து உள்ளே இறக்கி, வளையும் பதத்துக்குக் கொண்டுவருவது தனி வேலை. அதைச் செய்கிறவருக்குக் ‘கர்ரியர்’ என்று பெயர். லண்டனின் பழைய தொழிற்சங்கங்களுள் ஒன்றாகக் கர்ரியர்கள் சங்கம் இன்றும் இருக்கிறது. மற்றொன்று குதிரை லாயம். பல் வைத்த சீப்பால் குதிரையின் உடம்பை வட்ட வட்டமாகத் தேய்த்து, ஒட்டிய சேற்றையும் உதிரும் மயிரையும் எடுப்பதும் ‘கர்ரி’ செய்வதே. அந்தச் சீப்புக்குக் ‘கர்ரி கோம்ப்’ என்றே இன்றும் பெயர் வழங்குகிறது. நம் தொடர் பிறந்த இடம் இந்த லாயம்தான்.

குதிரையைத் தேய்ப்பதற்கும் ‘ஃபேவர்’ என்பதற்கும் என்ன சம்பந்தம்?

தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஏனென்றால் தொடக்கத்தில் அங்கே ‘ஃபேவர்’ என்ற சொல்லே இல்லை. பழைய வடிவம் ‘கர்ரி ஃபேவல்’. ஃபேவல் என்பது ஒரு குதிரையின் பெயர். பிரெஞ்சு மொழியில் அது ‘ஃபோவெல்’.

‘ஃபோவ்’ என்பது மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அந்த நிறக் குதிரைக்குச் செல்லமாக இட்ட பெயர் ஃபோவெல். நம் ஊரில் வெள்ளை மாட்டை ‘வெள்ளையன்’ என்று அழைப்பதைப் போல. இடைக்கால ஐரோப்பாவில் இந்த நிறக் குதிரை வஞ்சகத்துக்கும் பாசாங்குக்கும் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே ‘ஃபோவெலைத் தேய்த்துவிடுதல்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர், பொய்யாக நடந்துகொள்வதையும் முகஸ்துதி செய்வதையும் குறித்தது. பழைய ஜெர்மன் மொழியிலும் இதே நிறக் குதிரையை வைத்து இதைப் போன்ற வழக்கு இருந்தது. ஆங்கிலம் பாதியை மொழிபெயர்த்தது. தேய்க்கும் வினைக்குக் ‘கர்ரி’ என்று போட்டுவிட்டு, குதிரையின் பெயரை அப்படியே விட்டுவிட்டது.

யார் அந்த ஃபோவெல்? உண்மையில் ஒரு குதிரை இருந்ததா?

இது கவிதையில் வரும் குதிரை. ‘ரோமான் தெ ஃபோவெல்’ என்ற பிரெஞ்சுச் செய்யுள் நூல் இரண்டு பகுதிகளாக 1310இலும் 1314இலும் எழுதப்பட்டது. பிரெஞ்சு அரச அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஜெர்வே துய் புஸ் என்பவர் இதன் ஆசிரியராகக் கருதப்படுகிறார். நான்காம் பிலிப் மன்னரின் ஆட்சி முடியும் காலம் அது. டெம்ப்ளர் எனப்பட்ட போர்த்துறவியர் 1307இல் கூண்டோடு கைது செய்யப்பட்டிருந்தார்கள். அரசவையில் யார் கை ஓங்கும், யார் தலை உருளும் என்று சொல்ல முடியாத நிலை. அந்த அரண்மனைக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே அரண்மனையைக் கேலி செய்து ஒருவர் எழுதினார் என்பதை நினைத்தால் அவர் துணிச்சல் வியப்பளிக்கிறது.

கதை இதுதான். ஃபோவெலுக்குத் தன் லாயம் பிடிக்கவில்லை. அதிர்ஷ்ட தேவதை அதை அரண்மனையில் கொண்டுபோய் அமர்த்துகிறாள். அங்கே அது தனக்கேற்ற தீவனத் தொட்டியைப் பொருத்திக்கொண்டு கொலுவிருக்கிறது. போப்பாண்டவரும் அரசர்களும் பிரபுக்களும் துறவியரும் வரிசையாக வந்து, பணிந்து, அந்தக் குதிரையைத் தேய்த்துத் துடைத்துவிடுகிறார்கள். நாட்டை ஆள வேண்டியவர்கள் ஒரு விலங்கின் முதுகைச் சொறிந்து நிற்கிறார்கள் என்பதே அந்தக் கவிஞர் காட்ட விரும்பிய காட்சி. இரண்டாம் பகுதியில் குதிரைக்கு ஆசை மேலும் வளர்ந்து, அதிர்ஷ்ட தேவதையையே மணக்கக் கேட்கிறது. அவள் மறுத்து, ‘வீண்பெருமை’ என்ற பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறாள்.

இந்நூலின் விரிவாக்கப்பட்ட கையெழுத்துப் படி ஒன்று, ஏறத்தாழ 1317இல் உருவானது, பாரிசில் உள்ள பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஓவியங்களோடும் நூற்றுக்கும் மேற்பட்ட இசைப்பாடல்களோடும் உள்ள அந்தப் படியைச் சொல்வரலாறு தேடுகிறவர்களைவிட இசை வரலாறு படிக்கிறவர்களே மிகுதியாகப் புரட்டுகிறார்கள்.

ஃபோவெல் என்பது ஆறு தீமைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கிய பெயர் என்று படித்தேன். உண்மையா?

கவிதையில் அப்படி ஒரு விளக்கம் இருப்பது உண்மை. முகஸ்துதி, பேராசை, இழிகுணம், நிலையின்மை, பொறாமை, கோழைத்தனம் ஆகியவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் அந்தப் பெயர் வரும். ‘யூ’, ‘வி’ என்ற இரண்டும் அக்காலத்தில் ஒரே எழுத்தாகக் கருதப்பட்டதால்தான் இந்தக் கணக்கு ஒத்துவருகிறது. பெயரை இரண்டாகப் பிரித்தால் ‘திரையிட்ட பொய்’ என்று வரும் என்றும் கவிதை விளையாடுகிறது.

ஆனால் பெயர் அப்படிப் பிறந்தது என்று கொள்ளக் கூடாது. முந்தைய விடையில் சொன்னபடி அது நிறத்தால் வந்த பெயர். எழுத்து விளக்கம் கவிஞர் பின்னால் பூட்டிய நகை. ஒரு சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச்சொல் சொல்லி ‘இதுதான் இதன் தோற்றம்’ என்று யாராவது விளக்கினால், எந்த மொழியானாலும் சரி, முதலில் சந்தேகப்படுவதே என் வழக்கம்.

ஃபேவல் எப்போது, எப்படி ஃபேவர் ஆயிற்று?

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஃபேவல் என்ற பெயர் அறிமுகமானதுதான். வில்லியம் லாங்லண்டின் ‘பியர்ஸ் பிளவ்மன்’ கவிதையில் முகஸ்துதியே ஃபேவல் என்ற பெயரில் ஒரு பாத்திரமாக வந்து, ஒரு கள்ளத் திருமணத்துக்குத் தரகு வேலை பார்க்கிறது. நூறு ஆண்டுகள் கழிந்தபோது குதிரையை நினைவில் வைத்திருந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். ‘ஃபேவல்’ என்று காதில் விழுந்தது. அப்படி ஒரு சொல் தெரியாது. ஆனால் தயவைக் குறிக்கும் ‘ஃபேவர்’ தெரியும். தொடரின் பொருளோ தயவு தேடுவது. கடைசி ஒலியை மாற்றிவிட்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘கர்ரி ஃபேவர்’ எழுத்தில் வந்துவிட்டது.

புரியாத சொல்லைப் புரிகிற சொல்லாக மக்கள் திருத்திக்கொள்ளும் இந்தப் போக்கை மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். பெரும்பாலும் இத்தகைய திருத்தங்கள் பொருளைக் குழப்பும். இங்கே திருத்தம் பொருளை இன்னும் தெளிவாக்கிவிட்டது. அதனால்தான் அது ஐந்நூறு ஆண்டுகள் நிலைத்து, பழைய வடிவத்தை முழுவதுமாகத் துடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் பின்னால் கட்டிய கதையாக இருக்கக் கூடாதா? பழைய வடிவத்துக்கு ஆங்கிலத்திலேயே நல்ல சான்று உண்டா?

சந்தேகப்படுவது சரிதான். நான் மிகவும் விரும்பும் சான்று 1589இல் வெளிவந்தது. ஜார்ஜ் பட்டன்ஹாம் என்பவர் ஆங்கிலச் செய்யுட்கலை பற்றி எழுதிய நூலில், கிரேக்க அணிகளுக்கெல்லாம் எளிய ஆங்கிலப் பெயர் சூட்ட முயன்றார். குற்றத்தைக் குணமாக மாற்றிச் சொல்லும் அணி ஒன்று உண்டு: ஊதாரியை ‘வள்ளல்’ என்பது, முரட்டுத் துணிச்சல்காரனை ‘வீரன்’ என்பது, கஞ்சனைச் ‘சிக்கனமானவன்’ என்பது. அந்த அணிக்கு அவர் வைத்த பெயர் ‘கர்ரி ஃபேவல்’.

புதிய வடிவம் பரவிவிட்ட பிறகும் படித்தவர்களிடையே பழைய வடிவம் உயிரோடு இருந்தது என்பதற்கும், அது முகஸ்துதியோடு இணைத்தே உணரப்பட்டது என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் அணியிலக்கணத்தை அறிந்தவர்களுக்கு இலேச அணி நினைவுக்கு வரலாம். பழிப்பது போலப் புகழ்வதும் புகழ்வது போலப் பழிப்பதும் அதில் அடங்கும். ஆனால் பட்டன்ஹாம் சொல்வது கவிச்சுவைக்காகச் செய்வது மட்டுமன்று. பெரிய மனிதரின் குறையை அவர் முன்னிலையிலேயே நிறையாக்கிக் காட்டும் அரசவைத் தந்திரம்.

‘ஃபேவர்’ இல்லாமல் ‘கர்ரி’ என்பதை மட்டும் முகஸ்துதிப் பொருளில் சொல்லலாமா?

இன்று சொல்வதில்லை, முன்பு சொன்னார்கள். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ நாடகம், இரண்டாம் பாகம், ஐந்தாம் அங்கத்தில் ஃபால்ஸ்டாஃப் தன் தந்திரத்தை விளக்குகிறான். ஷாலோ என்ற நீதிபதியிடம் காரியம் ஆக வேண்டுமானால், அவருடைய வேலைக்காரர்களிடம் ‘நீங்கள் எசமானுக்கு எவ்வளவு நெருக்கம்’ என்று சொல்வானாம். வேலைக்காரர்களிடம் காரியம் ஆக வேண்டுமானால், எசமானிடம் போய் ‘உங்களைப் போல ஆட்களை அடக்கியாளத் தெரிந்தவர் யாரும் இல்லை’ என்று ‘கர்ரி’ செய்வானாம். அங்கே வினை தனியாகவே நிற்கிறது.

இன்னொரு பழைய பொருளும் உண்டு: நன்றாக அடிப்பது. தோலோடு தொடர்புடைய தொழிலிலிருந்து அடி உதைக்குச் சொல் எடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். நாமும் ‘தோலை உரித்துவிடுவேன்’ என்கிறோம்.

1390இலேயே ஆங்கிலத்தில் ‘கறி’ பற்றிச் சமையல் நூல் இருந்ததாகச் சொல்கிறார்களே. அப்படியானால் நீங்கள் முன்பு சொன்ன காலக்கணக்கு பிழையாகாதா?

பிழையாகாது. நீங்கள் கேள்விப்பட்டது இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற நூல். அந்த ‘க்யூரி’க்குச் சமையல் என்று பொருள். சமைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியில் வந்தது அது. நம் கறிக்கும் அதற்கும் உறவில்லை, குதிரை தேய்க்கும் கர்ரிக்கும் உறவில்லை. ஒரே மாதிரித் தோன்றும் மூன்றாவது சொல், அவ்வளவுதான்.

‘கர்ரியர்’ என்றீர்களே, தபால் கொண்டுவரும் கூரியரும் அதுவும் ஒன்றா?

வேறு. கூரியர் என்பது ஓடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கர்ரியர் என்பது தோலைப் பதப்படுத்துகிறவர்.

மென்பொருள் எழுதும்போது ‘கர்ரியிங்’ என்று ஒன்று படிக்கிறோம். அதுவும் இந்தக் குதிரையா?

அது ஒரு மனிதரின் பெயர். பல உள்ளீடுகளை ஒரே நேரத்தில் ஏற்கும் சார்பை, ஒவ்வொன்றாக ஏற்கும் சார்புகளின் தொடராக மாற்றுவதற்கு அப்பெயர். அமெரிக்கத் தருக்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கர்ரி (1900–1982) நினைவாக அது வழங்குகிறது. அவருடைய முதற்பெயரைத் தாங்கி ஒரு நிரல்மொழியே இருப்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். இதே கருத்தை மோசஸ் ஷான்ஃபிங்கெல் 1924இல் வெளியிட்ட கட்டுரையிலேயே கையாண்டுவிட்டார். பெயர் என்னவோ கர்ரிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஃப்ளாட்டர், ஃபான், பேண்டர், டோடி என்று எத்தனையோ இருக்கின்றன. எதை எங்கே போடுவது?

‘ஃப்ளாட்டர்’ பேச்சளவில் நிற்பது. புகழ்ந்தால் போதும், ஆதாயம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ‘ஃபான்’ என்பதற்கு மகிழ்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லே மூலம். எசமானைக் கண்டதும் நாய் வாலாட்டிக் குழைவதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். மான்குட்டியைக் குறிக்கும் ‘ஃபான்’ வேறு சொல். ‘டோடி’ என்பதில் தேரை இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சந்தையில் மருந்து விற்ற போலி வைத்தியர்கள், நஞ்சுள்ளதாக மக்கள் நம்பிய தேரையைத் தின்பதுபோல் நடிக்க ஓர் உதவியாளனை வைத்திருந்தார்கள். அவனைத் தம் மருந்தால் ‘பிழைக்க’ வைத்துக் காட்டுவார்கள். முதலாளிக்காகத் தேரையையும் தின்கிறவன் என்பதிலிருந்து அடிவருடி என்ற பொருள் வந்தது.

‘பேண்டர்’ மட்டும் சற்று விலகி நிற்கிறது. ஹோமரின் ‘இலியட்’ காவியத்தில் பாண்டரஸ் என்பவன் போர்நிறுத்தத்தைக் குலைத்து அம்பெய்த வில்லாளி. இடைக்காலத்தில் பொக்காச்சியோவும் அவருக்குப் பின் சாஸரும் அதே பெயருடைய பாத்திரத்தைக் காதலர்களுக்கு இடையே தூது போகிறவனாக ஆக்கினார்கள். அப்பெயர் ஆங்கிலத்தில் தரகனுக்கு ஆகி, பிறகு, பிறருடைய மட்டமான ஆசைக்குத் தீனி போடுவது என்ற வினையாயிற்று. ஆகவே மேலே இருக்கும் ஒருவரின் தயவுக்காகக் குழைந்தால் ‘கர்ரி ஃபேவர்’. கூட்டத்தின் கீழ்த்தரமான விருப்பத்துக்கு இணங்கிப்போனால் ‘பேண்டர்’. தேர்தல் நேரத்தில் கட்சித் தலைவரின் வீட்டு வாசலில் மாலையோடு நிற்பவர் செய்வது முதலாவது. மேடையேறி வெறுப்புப் பேச்சுக்குக் கைத்தட்டல் வாங்குகிறவர் செய்வது இரண்டாவது.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது? ‘காக்காய் பிடிப்பது’ என்று போட்டால் கொச்சையாக இருக்காதா?

கதையிலும் உரையாடலிலும் ‘காக்காய் பிடிப்பது’ மிகப் பொருத்தம். அதைவிட நெருக்கமான தொடர் நம்மிடம் இல்லை. ‘ஐஸ் வைப்பது’, ‘சோப்புப் போடுவது’ ஆகியவை இன்னும் இலேசானவை. நண்பர்களுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் விளையாட்டாகச் சொல்லலாம். ‘ஜால்ரா அடிப்பது’ என்றால் ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஒத்து ஊதுவது; அதில் தயவைப் பெறும் முயற்சியைவிட ஆமோதிப்பதே முன்னே நிற்கிறது. செய்தியிலும் ஆய்வுக் கட்டுரையிலும் ‘தயவைப் பெறக் குழைந்து நடப்பது’ என்று விரித்து எழுதலாம். ‘முகஸ்துதி’ என்று மட்டும் போட்டால் பரிசும் பணிவிடையும் விடுபட்டுப்போகும். ‘நல்லெண்ணத்தைப் பெற முயல்வது’ என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாம் விடையில் வந்த விண்ணப்பத்தின் கதி அதற்கும் நேரும்.

நம் காக்காய்க்கும் அந்தக் குதிரைக்கும் ஏதாவது ஒற்றுமை இருக்கிறதா?

‘கால் கை பிடித்தல்’ என்பதே பேச்சில் தேய்ந்து ‘காக்காய் பிடித்தல்’ ஆனது என்று பரவலாக விளக்குவார்கள். காரியம் ஆக வேண்டுமானால் கழுதையின் காலையும் பிடிக்க வேண்டும் என்று பழமொழி சொல்லும் மொழியில் அந்த விளக்கம் இயல்பாகவே தோன்றுகிறது. தவிர, பறந்துபோகிற காக்கையைப் பிடிப்பதில் யாருக்கு என்ன ஆதாயம்? அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், ஆங்கிலத்தில் நடந்ததற்கு நேர் எதிரான திசையில் தமிழில் நடந்திருக்கிறது. அங்கே லாயத்தில் நின்ற விலங்கு தொடரைவிட்டு வெளியேறி, அதன் இடத்தில் ‘தயவு’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. இங்கே கைகால் பிடித்துவிடும் மனிதர் மறைந்து, எங்கிருந்தோ ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் செயல் மட்டும் ஒன்றே: இன்னொருவர் உடம்பைச் சுகமாகத் தேய்த்துவிடுவது.

பிழையாகக் கேட்டதால் உண்டான தொடர் என்றால், ‘கர்ரி ஃபேவல்’ என்று திருத்தி எழுதுவதுதானே முறை?

அப்படி எழுதினால் பதிப்பாசிரியர் அதை எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார். அவர் செய்வதும் சரியே. ஒரு தொடர் எப்படிப் பிறந்தது என்பது வேறு, இன்று எது வழக்கு என்பது வேறு. ஐந்நூறு ஆண்டுகளாக எல்லாரும் ‘ஃபேவர்’ என்று எழுதிவரும்போது அதுவே சரியான வடிவம். பிரித்தானிய முறையில் ‘ஃபேவர்’ என்பதற்கு ‘ஓ’வுக்குப் பின் ‘யூ’ எழுத்து உண்டு, அமெரிக்க முறையில் இல்லை. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். ஃபேவலைச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆசையாக இருந்தால், பட்டன்ஹாமின் அணியைப் பற்றி எழுதுங்கள். அங்கே அந்தக் குதிரைக்கு இன்னும் இடம் இருக்கிறது.